செயலாளர் நாயகமும் பதினொரு தோள் கண்ட பொன்னாடையும்

தென் லண்டனில் நான் இருக்கும் நோர்பரியிலிருந்து வெஸ்ட்மின்ஸ்ரர் வரை பதினொரு கிலோமீற்றர். இமயத்தில் ஏறியவர்களும் சஹாராவைக் கடந்தவர்களும் பயணக் கட்டுரைகளை எழுதிக் குவித்துவிட்டார்கள். இந்தப் பதினொரு கிலோமீற்றரைப் பற்றி எழுத மட்டும் இதுவரை ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. போன ஒக்ரோபரில் ஒரு வியாழக்கிழமை நான் புறப்பட்டேன். உயிரோடு திரும்பியும் வந்தேன். பன்னாட்டுச் சபை ஒன்றின் பார்வையாளர் கலரியில் போய் உட்கார்ந்து பார்க்க உங்களுக்கும் ஆசை இருந்தால் இந்தப் பதிவு உதவும். என்ன செய்யக்கூடாது என்பதாவது தெரியவரும்.

போன காரணம் என் மனைவி றெஜினாவின் தங்கை ஜெனிற்றா. கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிறாள். அக்கா தங்கை இருவரும் மன்னார்க் கத்தோலிக்கர். நான் யாழ்ப்பாணத்துச் சைவன். எங்கள் வீட்டில் முப்பது வருடமாக ஒரு சர்வமத மாநாடு இடைவேளையில்லாமல் நடக்கிறது. இன்றுவரை ஒரு தீர்மானமும் நிறைவேறவில்லை.

ஜெனிற்றா கவுன்சில் குழுக்கூட்டங்களுக்குக் குறிப்பெடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவள். அதற்கு முந்திய ஒக்ரோபரில் திடீரென்று போன் எடுத்து, தனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்றாள். பல நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் சமய விவகாரங்களைப் பேசித் தீர்ப்பதற்காகக் கூடும் பேரவை ஒன்று இருக்கிறதாம். அதற்குச் செயலாளர் நாயகம் இவளாம். முதல் வருடம் பரீட்சார்த்தம். வருட முடிவில் பேரவை கூடி ஆட்சேபணை இல்லை என்றால்தான் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். கவுன்சில் வேலையை விட்டுவிட்டாள், திரும்பிப் போக இடமில்லை. அந்த முடிவு நாள்தான் நான் சொன்ன வியாழக்கிழமை.

எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். லண்டனில் நம்மவர்களுக்குப் பட்டங்கள் எப்படி வருகின்றன என்பது எனக்குத் தெரியும். கிங்ஸ்பரியில் இருக்கும் என் சிநேகிதர் ஒருவர் ஹோட்டல் மண்டபமொன்றில் நடந்த விழாவுக்கு டை கட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கலாநிதி. எந்தத் துறையில் என்று கேட்டால், அந்த விபரம் இன்னும் வந்து சேரவில்லை என்கிறார்.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. எங்கள் பட்மின்ரன் கழகத்துக்கு நானும் பல காலம் செயலாளராக இருந்திருக்கிறேன். மாலை தலைவருக்குப் போகும், வசை செயலாளருக்கு வரும். ஆனால் யார் முதலில் பேசுவது, யாருக்கு மைக் பழுதாவது என்பதெல்லாம் செயலாளரின் கையில். ஒரு பட்மின்ரன் கழகத்திலேயே இவ்வளவு அதிகாரம் என்றால், அந்தப் பதவியோடு நாயகம் என்ற சொல்லையும் ஒட்டி, முப்பது நாட்டு அரசியல்வாதிகளையும் அத்தனை கடவுள்களையும் ஒரே மண்டபத்தில் விட்டால் என்ன ஆகும்? நித்திரை வரவில்லை எனக்கு.

புதன்கிழமை அவளே போன் எடுத்தாள்.

“அத்தான், வாறதெண்டால் வாங்கோ. கலரி எல்லாருக்கும் திறந்துதான் இருக்கும். ஆனால் மாலை, பொன்னாடை ஒண்டும் கொண்டு வராதேங்கோ.”

“ஏன், நாயகத்துக்குப் பொன்னாடை போடக்கூடாதோ?”

“நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் வாங்கேலாது. வந்தால் அது பேரவைக்குத்தான் சேரும். இந்தப் பதவியில இருக்கிற ஆள் ஒரு நாட்டுக்கும் ஒரு சமயத்துக்கும் சேராத ஆள்.”

“அப்ப நீ ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போறேல்லையோ?”

“அது ஜெனிற்றா போறா. நாயகம் போறேல்லை.” மறுபடியும் சொன்னாள். “பொன்னாடை, அத்தான். மறந்துபோய்க் கொண்டு வந்திடாதேங்கோ.”

அன்று பின்னேரமும் அதையே ஒரு மெசேஜாக அனுப்பினாள். இப்போது நீங்களே நியாயம் சொல்லுங்கள். நம்மவர் வீட்டுக் கொண்டாட்டத்துக்கு அழைக்கும்போது “ஒண்டும் கொண்டு வராதேங்கோ” என்பார்கள். அதை நம்பி யாராவது வெறுங்கையோடு போயிருக்கிறீர்களா? போனவர்களைப் பற்றி என்ன கதைத்தார்கள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்குமே. மூன்று தரம் வேண்டாம் என்றால் கட்டாயம் வேண்டும் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

அலுமாரியில் ஒரு பொன்னாடை இருந்தது. மஞ்சள் பட்டு மாதிரி ஒரு துணி, சிவப்புக் கரை, ஓரமெல்லாம் சரிகை. அதை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். றெஜினா கதவடியில் நின்று பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, அவள் வேண்டாமெண்டவள்.”

“எனக்கு விளங்கும்.”

“உங்களுக்கு விளங்கினதுதான் எனக்குப் பயம். பையைக் கொண்டு போறதெண்டால் வாயை வைச்சிட்டுப் போங்கோ.”

இனிப் பயணம். நோர்பரியிலிருந்து விக்ரோறியாவுக்கு ரயிலில் இருபது நிமிடம். அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் நடை. நீங்கள் அப்படித்தான் போகவேண்டும். நான் போய் நின்றபோது 8.50 ரயில் ரத்து, அடுத்ததற்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். ஜெனிற்றாவின் வேலை முடிவாகும் நாளில் ரயில் ரத்தாவது தற்செயலா? நான் நம்பவில்லை. 109 பஸ்ஸில் ஏறினால் 1.75 பவுணோடு பிறிக்ஸ்ரன் வரை போகலாம், ஆனால் ஆறுதலாகத்தான் போகலாம். ஆகவே மினிகாப். 32 பவுண், ஐம்பத்தைந்து நிமிடம். சாரதி குகன் பருத்தித்துறை ஆள், நாற்பது வயது இருக்கும்.

“எங்கையண்ணை, இவ்வளவு வடிவா வெளிக்கிட்டு?”

“வெஸ்ட்மின்ஸ்ரர். ஒரு அனைத்துலகப் பேரவை. அதின்ர செயலாளர் நாயகம் என்ர மச்சாள்.”

கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்தார். “எவ்வளவு குடுத்தவ?”

“என்னத்துக்கு?”

“பட்டத்துக்கு. என்ர ஒண்டுவிட்ட தமையனும் உலக சமாதானத் தூதுவர், அண்ணை. பெரிய படம் ஹோலில தொங்குது. மனுசன் அண்ணியோட கதைச்சு ரெண்டு வருசம்.”

“இது சம்பளத்துக்குச் செய்யிற வேலை, தம்பி.”

“ஆர் குடுக்கிறது? இவவோ, அவையளோ?”

“அவையள்தான்.”

ஸ்ரெத்தம் சிக்னலில் வண்டி நின்றது. குகன் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார். “அப்ப இன்னும் பெரிய சுத்துமாத்தா இருக்கும். கவனம், அண்ணை.”

பிறிக்ஸ்ரன், கெனிங்ரன் கடந்து ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது நாங்கள் இருவருமாகப் பேரவையின் மீது பதினேழு குற்றங்களைச் சுமத்தி முடித்திருந்தோம். காசை வாங்கும்போது அவர் எனக்குக் கை தந்த விதம், என்னைப் போர்முனைக்கு அனுப்புவது போல இருந்தது.

மண்டபம் பெரிய றோட்டிலிருந்து உள்ளே ஒதுங்கிய பழைய கல் கட்டடம். பார்வையாளருக்குக் கட்டணம் இல்லை. இலவசம் என்றாலே எனக்குச் சந்தேகம்தான். வாசலில் பையைச் சோதித்த காவலாளி பொன்னாடையை விரித்துப் பார்த்து, மேசைவிரிப்பா என்று கேட்டார். மரியாதை செய்யும் துணி என்றேன். அவருக்கு விளங்கியதாகத் தெரியவில்லை, ஆனாலும் உள்ளே விட்டார்.

கலரி மாடியில் இருக்கிறது. முன்வரிசையில் இடம் பிடியுங்கள், தலைவரின் மேசை நேரே தெரியும். கீழே குதிரை லாடம் போல மேசைகள். சமயப்படி இருத்தினால் கட்சி கட்டுவார்கள் என்பதால் நாட்டின் பெயர் வரிசைப்படி இருத்தியிருந்தார்கள். ஆகவே தலைப்பாகைக்குப் பக்கத்தில் சிலுவை, அதற்குப் பக்கத்தில் காவி, அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே போடாத வழுக்கைத் தலை. சுவரோரம் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் மொழிபெயர்ப்பாளர்கள். ஒவ்வொருவரும் வாயைத் திறப்பது தெரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. அவர்கள் சரியாகத்தான் மொழிபெயர்க்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

தலைவருக்கு இடது பக்கம், ஒரு படி கீழே, ஜெனிற்றா. சாம்பல் நிற ஜக்கெற். கழுத்தில் ஒன்றும் இல்லை. அதைக் கண்டதும் எனக்கு என்னவோ செய்தது. சின்ன வயதில் தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்த நாளிலிருந்து அவள் கழுத்தில் கிடக்கும் சிலுவைச் சங்கிலியைக் காணவில்லை. மன்னாரிலிருந்து படகில் வந்தபோதும் அது கழுத்தில் கிடந்தது, ஒப்பரேஷன் தியேட்டரில் கழற்றச் சொன்னபோது டொக்டரோடு சண்டை பிடித்தாள். அதை இன்று இவளாகவே கழற்றி வைத்திருக்கிறாள்.

கூட்டம் தொடங்கியது. எந்தச் சமயத்தின் பிரார்த்தனையோடு தொடங்குவது என்ற சிக்கலுக்கு ஜெனிற்றா கண்டுபிடித்த வழி, பிரார்த்தனையே இல்லை. ஒரு நிமிட மௌனம். அவரவர் கடவுளோடு அவரவர் கதைத்துக்கொள்ளலாம். நிமிடத்தை அளப்பவள் அவள். பேசும் வரிசை சீட்டுக் குலுக்கி. சீட்டைக் குலுக்குபவளும் அவள். அவளுக்குப் பேச உரிமை இல்லை, வாக்கு இல்லை. ஆனால் சின்னச் சின்னத் துண்டில் எதையோ எழுதித் தலைவரிடம் நீட்டுவாள். உடனே தலைவர், மேடை அதிரும் குரலில், தானே அந்த நிமிடம் யோசித்ததைப் போல அதைச் சொல்வார். தலைவர் வாயசைத்தார், என் மச்சாள் உலகத்தை ஆண்டாள். என் பதினேழு சந்தேகங்களும் பெருமையால் வீங்கி முப்பத்துநாலு ஆகின.

11.15க்குத் தேநீர் இடைவேளை. கீழே கூடத்தில் தேநீரும் பிஸ்கற்றும் பார்வையாளருக்கும் உண்டு. சாம்பல் கோட் போட்ட ஒரு உறுப்பினர் என்னருகில் வந்தார். எந்த நாடு என்று சொல்லமாட்டேன். சர்வதேச உறவுகள் என்னால் கெடக்கூடாது. நீங்கள் செயலாளர் நாயகத்தின் உறவினரா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். பையிலிருந்து எட்டிப்பார்த்த சரிகையைக் காட்டி, அது என்ன என்றார்.

இதை ஒரு மனிதரிடம் கேட்கலாமா? அதுவும் என்னிடம்?

நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். இது எங்கள் ஆலயத்தின் மூலஸ்தானத்தில் நாற்பத்தெட்டு நாள் வைத்துப் பூசிக்கப்பட்ட வஸ்திரம். ஆயிரத்தெட்டுக் குருக்கள்மார் மந்திரம் ஓதியிருக்கிறார்கள். விமானத்தில் இதற்குத் தனி ஆசனம், அதுவும் ஜன்னலோரம். இதைத் தோளில் ஏற்றுக்கொள்பவர் வாழ்நாள் முழுவதும் எங்கள் ஆலயத்தின் பிள்ளை. அவர் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டிப் புன்னகைத்தார். மண்டபத்தில் மொழிபெயர்ப்பாளர், காவலாளி, பிஸ்கற் தட்டு என்று எல்லாவற்றையும் சந்தேகித்த நான், சந்தேகிக்க வேண்டிய ஒரே ஆளிடம் என் பொக்கிஷத்தைத் திறந்து கொட்டினேன்.

அந்த நேரம் பார்த்து ஜெனிற்றா கூடத்துக்குள் வந்தாள். நான் இரண்டே எட்டில் போய்ப் பொன்னாடையை அவள் தோளில் போட்டேன். யாரோ படம் எடுத்தார்கள். அவள் அதை உடனே எடுத்து மடித்து, தன் அலுவலர் ஒருவரின் கையில் கொடுத்தாள்.

“அத்தான், வேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னனான்?” குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கூட்டம் மறுபடி கூடியதும் சாம்பல் கோட் எழுந்தார். செயலாளர் நாயகம் ஒரு ஆலயத்தின் பிரதிநிதியிடமிருந்து புனித வஸ்திரத்தை ஏற்றிருக்கிறார். அந்த வஸ்திரம் அவரை அந்த ஆலயத்தின் பிள்ளையாக்குகிறது. இது பிரதிநிதியே தந்த வாக்குமூலம். இப்படிப்பட்டவர் எல்லாச் சமயத்துக்கும் பொதுவானவராக இருக்க முடியாது. ஆகவே அவருடைய நியமனத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்க வேண்டும்.

அடுத்த கூட்டம் வசந்தகாலத்தில். ஜெனிற்றாவின் ஒரு வருடம் அந்த மாதத்தோடு முடிகிறது. ஒத்திவைத்தால் முடிந்தது கதை. என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் எதையும் இதுவரை ஒருவரும் நம்பியதில்லை. முதல்தரமாக ஒருவர் நம்பியிருக்கிறார், அதுவும் வரிக்கு வரி.

ஜெனிற்றா வழக்கம்போல ஒரு துண்டு எழுதினாள். தலைவர் அதைப் பார்த்துவிட்டு, அன்பளிப்புத் தந்தவர் மண்டபத்தில் இருந்தால் அதன் மூலத்தைப் பற்றி அவரிடமே விசாரிக்க விதி இடம் தருகிறது என்று முழங்கினார். எல்லாத் தலையும் கலரிப் பக்கம் திரும்பியது. யாரோ என் கையில் மைக்கைத் தந்தார்கள்.

எழும்பும்போது எனக்கு நல்ல கதைகள் மூன்று தயாராக இருந்தன. ஒன்றில் அரச குடும்பமும் வரும். கீழே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வெறுங்கழுத்தோடு குனிந்து அடுத்த துண்டுக்குத் தாள் கிழித்துக்கொண்டிருந்தாள். மூன்று கதையையும் விழுங்கிவிட்டேன்.

“இது எந்தக் கோயிலுக்கும் போகவில்லை” என்றேன். “ரூற்றிங்கில் மலிவு விற்பனையில் வாங்கியது. எங்கள் பட்மின்ரன் கழகத்துச் சொத்து. விழாவில் ஒருவருக்குப் போடுவோம். கைதட்டல் ஓய்ந்ததும் பின்பக்கத்தில் வாங்கி மடித்து அடுத்த விழாவுக்கு வைப்போம். இன்றோடு பதினொரு தோள். இரண்டு பல்வைத்தியர், ஒரு கராத்தே ஆசிரியர், ஒரு பாடகர். ஒருமுறை மண்டபத்து ஹீற்றர் திருத்த வந்த மனிதரைப் பிரதம விருந்தினர் என்று நினைத்து அவருக்கும் போட்டுவிட்டோம்.”

முதலில் ஆங்கிலம் விளங்கிய மேசைகள் சிரித்தன. சில விநாடி கழித்து, கண்ணாடிக் கூண்டுக்குள் மொழிபெயர்த்து முடிந்ததும், அடுத்த மேசைகள் சிரித்தன. ஹீற்றர்காரர் நான்காவது மொழியைச் சென்றடைய நல்ல நேரம் பிடித்தது. நான் பிறந்ததிலிருந்து செய்த பகிடிகளில் இவ்வளவு நீளமாகச் சிரிப்பு வாங்கியது இதுதான். உண்மை இவ்வளவு விலைபோகும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

சாம்பல் கோட் மட்டும் சிரிக்கவில்லை. “அந்த ஆயிரத்தெட்டுக் குருக்கள்?”

“ஒருவரும் இல்லை, ஐயா. நான் கதைக்கிற விதம் அப்படி. என் மனைவியைக் கேளுங்கள்.”

மனைவியைக் கேட்க அவசியம் வரவில்லை. தலைவரின் மேசைக்குப் பொன்னாடையைக் கொண்டுவந்து விரித்தார்கள். உள்கரையில் அழியாத மையால், தமிழிலும் ஆங்கிலத்திலும், என் கையெழுத்தில்: பட்மின்ரன் கழகச் சொத்து, விழா முடிந்ததும் திருப்பித் தரவும். தலைவர் அதை வேத வாக்கியம் போல வாசித்தார். கூண்டுகள் மொழிபெயர்த்தன. சாம்பல் கோட் தன் ஆட்சேபணையை மீளப்பெற்று உட்கார்ந்தார்.

பின்னேரம் 4.40க்குக் கடைசி அலுவல். இந்தப் பேரவையில் கை உயர்த்தும் வழக்கம் இல்லை. யாருக்கும் ஆட்சேபணை உண்டா என்று தலைவர் கேட்பார். பிறகு எல்லோரும் பேசாமல் இருக்கவேண்டும். அந்த மௌனம்தான் சம்மதம். அதற்குள் ஒரு குரல் எழும்பினால் எல்லாம் நின்றுவிடும். தலைவர் கேட்டார். மண்டபம் அடங்கியது. அந்தக் கணம் பார்த்து என் தொண்டைக்குள் ஒரு அரிப்பு. காவிரி ஆறே தொண்டையில் வந்து முட்டியது போல. வாயைப் பொத்தினேன், கண்ணில் நீர் வந்தது, காது அடைத்தது. ஒரு மனிதன் குடும்பத்துக்காகச் செய்த தியாகங்களை யாராவது எழுதினால் அந்த அரை நிமிடத்தைச் சேர்க்க வேண்டும். மரச்சுத்தியல் தட்டிய சத்தத்தோடு நான் இருமிய சத்தம் பக்கத்து மாவட்டமான கென்ற் வரை கேட்டிருக்கும்.

படியிறங்கும்போது பக்கத்து ஆசனத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மா, இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு ஓய்வுபெற்ற காலத்தில் தவறாமல் வருபவர், எனக்கு முதுகில் தட்டிக் கொடுத்தார். சாம்பல் கோட்காரர் போன கூட்டத்திலிருந்தே உங்கள் ஆளை விழுத்தக் காரணம் தேடித் திரிந்தார் என்றார். ஆனால் ஒரு விடயத்தில் ஒரு உறுப்பினருக்கு ஒரே ஒரு ஆட்சேபணைதான். அதை அவர் காலையிலேயே உங்கள் துணியில் செலவழித்துவிட்டாரே, பாவம்.

நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

கூடத்தில் ஜெனிற்றா எனக்கென்று ஒரு கோப்பைத் தேநீர் எடுத்து வைத்திருந்தாள்.

“ஜெனிற்றா, உண்மையைச் சொல்லு. வேண்டாமெண்டால் நான் கட்டாயம் கொண்டு வருவனெண்டு உனக்குத் தெரியும். அந்தாளுக்குக் கடிக்க ஒரு எலும்பு வேணுமெண்டும் தெரியும். வேணுமெண்டுதானே மூண்டு தரம் சொன்னனி?”

“அதைப்பற்றிச் செயலாளர் நாயகத்துக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை, அத்தான்.”

“ஜெனிற்றாவுக்கு?”

கைப்பையைத் திறந்து சங்கிலியை எடுத்தாள். கழுத்தில் போட்டுக் கொளுவியைப் பூட்டினாள். “ஜெனிற்றாவுக்குப் பசிக்குது. காலமை தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை. எங்கையாவது கொத்துரொட்டி வாங்கித் தாறீங்களோ?”

விக்ரோறியா வரை நடந்து, ரயிலில் நோர்பரி வந்து, ஸ்ரேசனிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் கடையில் இரண்டு கொத்து, ஒன்றுக்கு 9 பவுண். அவள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தபோது, காலையில் வெறும் வயிற்றோடு அந்தத் துண்டை எழுத என்ன பாடுபட்டிருப்பாள் என்று நினைத்தேன். எல்லாம் திட்டமிட்டவள் இப்படிப் பசித்துக் கிடப்பாளா? அல்லது திட்டமிட்டவள்தான் இப்படிக் கிடப்பாளா? இன்றுவரை எனக்கு முடிவு தெரியவில்லை. றெஜினாவைக் கேட்டேன், சின்ன வயதிலேயே தங்கச்சியோடு தாயம் விளையாடுவதை விட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். 9.30க்கு முன் போய்விடுங்கள், மாடியில் முன்வரிசை நிரம்பிவிடும். அடையாள அட்டை அவசியம். மொழிபெயர்ப்பு கேட்கும் காதுக்கருவியை வாங்கிக்கொள்ளுங்கள், சிரிப்பு எப்போது எந்த மேசைக்குப் போகிறது என்று பார்ப்பதே தனிச் சுகம். சாப்பாடு தரமாட்டார்கள். பெரிய நாற்காலியில் இருப்பவரைப் பார்த்து நேரத்தை வீணாக்காமல், ஒரு படி கீழே தாள் கிழிப்பவரைப் பாருங்கள். தேநீர் நேரத்தில் மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் காலநிலையைத் தவிர வேறெதுவும் கதைக்காதீர்கள். இருமல் மருந்து கொண்டு போங்கள்.

அடுத்த மாதம் கழகத்தின் பரிசளிப்பு விழா. பொன்னாடையைத் திருப்பித் தரும்படி பேரவைக்கு எழுதினேன். கையால் அல்ல, ரைப் பண்ணி, முன்னாள் செயலாளர் என்று கையெழுத்தும் போட்டு. பதில் மூன்றாம் நாள் வந்தது. குறித்த பொருள் ‘மஞ்சள் துணி ஒன்று, சமயம் இல்லை’ எனப் பதியப்பட்டு அலுவலகத்துக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. பேரவைக்குச் சேர்ந்த அன்பளிப்பை வெளியே விடுவதானால் முப்பது நாடுகளும் அடுத்த கூட்டத்தில் ஆட்சேபணையின்றி மௌனமாக இருக்கவேண்டும். கீழே செயலாளர் நாயகத்தின் ஒப்பம், முத்திரை. அதற்கும் கீழே பேனையால் ஒரு வரி:

“கொண்டு வராதேங்கோ எண்டு சொன்னனான்தானே, அத்தான்.”